மார்கிட்டிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு: எல்டன் ரிங்கின் முதல் பெரிய பாஸ்

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை ஆடத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். லிம்கிரேவ் புல்வெளியில் கிரேஸ் (உட்கார்ந்து ஓய்வெடுக்கும் ஒளிப்புள்ளி) ஒளி காட்டும் திசையிலேயே போனால் ஸ்டார்ம்ஹில் மேடு வரும், அதற்கு மேலே ஸ்டார்ம்வேல் கோட்டை. கோட்டைக்கு முன்னால் ஒரு பனித்திரை. அதைத் தாண்டியதும் தலையில் கொம்புகளும் கையில் ஒரு நீளத் தடியுமாக ஒருவன் மேலிருந்து குதிக்கிறான். அவன்தான் மார்கிட், இந்த கேமின் முதல் பெரிய பாஸ், அதாவது வலிமையான முக்கிய எதிரி. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் திரையில் செத்துப்போன செய்தி வந்துவிடும்.

2022 பிப்ரவரியில் ஃப்ரம்சாஃப்ட்வேர் இந்த கேமை வெளியிட்டபோதே மார்கிட்டைப் பற்றிய புலம்பல் தொடங்கிவிட்டது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அவன் இவ்வளவு சீக்கிரம் எதிரே வருவது தற்செயல் இல்லை. ஒளி காட்டும் வழியில் நேராக வந்தவரிடம், "நீ இன்னும் ஊரைச் சுற்றிப் பார்க்கவில்லை, திரும்பிப் போ" என்று சொல்லத்தான் அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் இந்தச் சண்டைக்கான வேலையில் பாதி பனித்திரைக்கு வெளியே நடக்கிறது. மீதிப் பாதி, ஒரு பட்டனை அவசரப்பட்டு அழுத்தாமல் இருப்பது. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் திரும்பிப் போங்கள்

உங்கள் லெவல் 15-க்குக் கீழே, ஆயுதத்தை ஒருமுறைகூட மேம்படுத்தவில்லை, குணமாக்கும் ஃப்ளாஸ்க் தொடக்கத்தில் கொடுத்த அளவிலேயே இருக்கிறது என்றால் இப்போதைக்கு மார்கிட்டை விட்டுவிடுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. லெவல் 20 முதல் 30 வரை, ஆயுதம் +3 என்பது புதியவர்களுக்கு ஏற்ற அளவு. அதற்கும் குறைவாக வைத்துக்கொண்டு ஜெயிப்பவர்கள் உண்டு. அவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கமாட்டார்கள்.

அடிப்படையான இரண்டு விஷயங்கள் கையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒன்று, மெலினாவின் சந்திப்பு. கேட்ஃப்ரண்ட் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் உள்ள கிரேஸில் உட்கார்ந்தால் பெரும்பாலும் அவர் வந்துவிடுவார். அவருடன் உடன்பட்டால்தான் லெவல் ஏற்ற முடியும், டாரன்ட் என்ற குதிரையை அழைக்கும் விசிலும் கிடைக்கும். இரண்டாவது, சண்டையில் துணைக்கு ஆவிகளை அழைக்கும் மணி. குதிரை கிடைத்த பிறகு சர்ச் ஆஃப் எல்லேவுக்குத் திரும்பிப் போனால் ரென்னா என்ற சூனியக்காரி உட்கார்ந்திருப்பார். அவரிடம் பேசினால் மணியும் கூடவே மூன்று ஓநாய்களின் ஆவியும் கிடைக்கும். பலர் இவரைப் பார்க்காமலேயே கடந்துவிடுகிறார்கள். தவறவிட்டிருந்தால், பின்னால் ரவுண்ட்டேபிள் ஹோல்ட் என்ற தங்குமிடத்தில் இருக்கும் இரட்டைக் கன்னிகளின் கடையில் மணியை வாங்கிக்கொள்ளலாம்.

ரூன்களை எதில் போடுவது

எதிரிகளை வீழ்த்தினால் கிடைக்கும் ரூன்தான் இங்கே பணம், அதைச் செலவழித்துத்தான் லெவல் ஏற்றவேண்டும். லெவல் ஏற்றும்போது புதியவர்கள் எல்லாரும் வலிமையிலேயே கொட்டுகிறார்கள். அடி பலமாக விழவேண்டும் என்ற ஆசை. ஆனால் ஆட்டத்தின் இந்தக் கட்டத்தில் வலிமையில் ஐந்து புள்ளி ஏற்றினாலும் அடியில் பெரிய வித்தியாசம் தெரியாது. அடியைக் கூட்டுவது ஆயுத மேம்பாடுதான். அதனால் கையிலிருக்கும் ஆயுதத்தைத் தூக்கத் தேவையான அளவுக்கு மட்டும் வலிமை, திறமை இரண்டையும் வைத்துக்கொண்டு மீதியை விகர் (உயிரின் அளவைக் கூட்டும் புள்ளி) பக்கம் திருப்புங்கள். விகர் 20-ஐத் தொட்டுவிட்டால் மார்கிட்டின் ஓர் அடிக்குப் பிறகும் நின்று யோசிக்க உயிர் மிச்சம் இருக்கும். அந்த ஒரு விநாடி யோசனைதான் உங்களுக்கு அவனைக் கற்றுக்கொடுக்கப் போகிறது.

ரூன் எங்கே கிடைக்கும்? ஸ்டார்ம்ஹில் மேட்டில் நடமாடும் ட்ரோல் ராட்சதர்கள் ஒவ்வொருவரும் சுமார் 1,000 ரூன் தருவார்கள். குதிரையில் ஏறி, கணுக்காலில் இரண்டு அடி, விலகு, மறுபடி இரண்டு அடி. கால் தூக்கி மிதிக்கும்போது மட்டும் தள்ளிப் போய்விடுங்கள். இன்னும் நிதானமாக வளர விரும்பினால் தெற்கே பாலத்தைக் கடந்து வீப்பிங் பெனின்சுலா பகுதிக்குப் போங்கள். ஆரம்ப லெவலுக்கு அதுவே சரியான இடம். ஆட்டத்தின் தொடக்கத்தில் எதிர்ப்படும் தங்கக் கவசக் குதிரைவீரன் ட்ரீ சென்டினலை மட்டும் இப்போது சீண்ட வேண்டாம். அவன் மார்கிட்டுக்கு எந்த விதத்திலும் குறைந்தவன் இல்லை.

ஆயுதம்: +3 வரை போதும்

சர்ச் ஆஃப் எல்லேவில் வியாபாரி கலே உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை மேசை இருக்கும். சாதாரண ஆயுதம் எதையும் அதில் +3 வரை ஏற்றலாம். தேவைப்படுவது ஸ்மிதிங் ஸ்டோன் [1] என்ற ஆரம்பத் தரக் கல். +1-க்கு 2, +2-க்கு 4, +3-க்கு 6, ஆக மொத்தம் 12 கல். இந்தக் கற்களை அங்குமிங்கும் பொறுக்குவதைவிட லிம்கிரேவ் டனல்ஸ் சுரங்கத்துக்குப் போவது மேல். அகீல் ஏரியின் வடகரைப் பாறைச் சரிவில் அதன் வாசல் இருக்கிறது. உள்ளே சுவரில் மின்னுவதையெல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள். கடைசியில் ஒரு ட்ரோல் பாஸாக நிற்கும். அதையும் அடித்தால் பயிற்சியாக இருக்கும், விட்டுவிட்டு வந்தாலும் குற்றமில்லை.

எந்த ஆயுதம் என்று கேட்டால், உங்களுக்குப் பழகிய ஆயுதம்தான். இருந்தாலும் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகுப்புகளில் சாமுராயை எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். அவர்கள் கையில் தொடக்கத்திலேயே இருக்கும் உச்சிகடானா ரத்தக்கசிவை உண்டாக்கும், மார்கிட்டுக்கு அது வேலை செய்யும். வேகபாண்ட் வகுப்பினரிடம் இருக்கும் ஹீட்டர் ஷீல்டு சாதாரண அடியை முழுசாகத் தடுத்துவிடும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை: எடை. எக்விப் லோட் 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் உங்கள் ஆள் உருளமாட்டான், பொத்தென்று விழுந்து எழுந்திருப்பான். கனமான கவசம் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு போய், ரோல் ஏன் வேலை செய்யவில்லை என்று திட்டுபவர்கள் ஏராளம். ஸ்டேட்டஸ் திரையில் மீடியம் லோட் என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். காட்டவில்லை என்றால் தலைக்கவசத்தையோ கையுறையையோ கழற்றிவிடுங்கள்.

ஃப்ளாஸ்க்

தங்க நிறத்தில் மின்னும் சிறு மரத்தடியில் கோல்டன் சீட் கிடைக்கும். ஃப்ளாஸ்க்கின் எண்ணிக்கையைக் கூட்டுவது அது. ஸ்டார்ம்ஹில்லுக்கு ஏறும் சாலையோரத்திலேயே ஒன்று இருக்கிறது. ஒரு மடக்கில் ஏறும் உயிரைக் கூட்டுவது சேக்ரட் டியர். மரிக்கா தேவாலயங்களில் சிலையின் காலடியில் அதைத் தேடவேண்டும். லிம்கிரேவின் கிழக்கே உள்ள மூன்றாவது மரிக்கா தேவாலயத்துக்குக் கட்டாயம் போய்விடுங்கள். அங்கே சேக்ரட் டியரோடு வண்ட்ரஸ் ஃபிஸிக் என்ற கலவைக் குப்பியும், பாதி உயிரை மீட்டுத் தரும் கிரிம்சன் கிரிஸ்டல் டியரும் சேர்ந்தே கிடைக்கும். ஒரே பயணத்தில் மூன்று லாபம். வீப்பிங் பெனின்சுலாவில் இன்னும் மூன்று சேக்ரட் டியர்கள் இருக்கின்றன.

மந்திரம் பயன்படுத்தாதவர்கள் மந்திரச் சக்தியை மீட்கும் நீல ஃப்ளாஸ்க்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் உயிரை மீட்கும் சிவப்புக்கு மாற்றிவிடலாம். கிரேஸில் உட்கார்ந்தால் அதற்கான தேர்வு வரும்.

துணைக்கு ஆள்

ஆவிகளை அழைத்தால் நாணயமற்ற ஆட்டம் என்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். கேமே கொடுத்த வசதி அது, மார்கிட்டின் அடிகள் அந்த வசதியை மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை போலத்தான் இருக்கின்றன.

மூன்று ஓநாய்களை அழைக்க 55 எஃப்பி (மந்திரச் சக்தி) செலவாகும். அவை பாய்ந்து கடித்து அவன் கவனத்தைத் திருப்பும், ஆனால் சீக்கிரம் சாகும். ஸ்டார்ம்ஹில் ஷாக் குடிசையில் சிவப்பு முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் ரோடெரிக்காவிடம் பேசினால் ஜெல்லிமீன் ஆவி கிடைக்கும். அது மெதுவானதுதான். ஆனால் நஞ்சைத் துப்பிக்கொண்டு நீண்ட நேரம் நிற்கும். அருகில் போய் அடிப்பவர்களுக்கு ஓநாய், தூரத்திலிருந்து அடிப்பவர்களுக்கு ஜெல்லிமீன் என்பது என் கணக்கு.

பனித்திரைக்கு முன்னால் தரையில் ஒரு தங்க எழுத்து மின்னும். அது ரோஜியர் என்ற மந்திரவாதியின் அழைப்புக்குறி. இணைய இணைப்பு இல்லாமலேயே அவரை அழைக்கலாம். வாளும் மந்திரமும் கலந்து நன்றாகவே சண்டை போடுவார்.

இன்னொரு சாமான் இருக்கிறது, கொஞ்சம் குறும்பானது. மார்கிட்ஸ் ஷேக்கில் என்ற கைவிலங்கு. பெயரிலிருந்தே தெரியும், அவனுக்கென்றே செய்தது. பயன்படுத்தினால் மார்கிட் தரையோடு கட்டுண்டு சில விநாடி கிடப்பான். சண்டையின் முதல் பகுதியில் இரண்டு முறை மட்டும் வேலை செய்யும். இதை விற்பவன் பேட்சஸ், விலை 5,000 ரூன். அகீல் ஏரியிலிருந்து வடக்கே ஆற்றோடு போனால் மர்க்வாட்டர் குகை வரும். உள்ளே பெட்டியைத் திறந்ததும் இந்த மொட்டைத்தலை ஆசாமி பாய்வான். பாதி உயிர் போனதும் மண்டியிட்டுக் கெஞ்சத் தொடங்குவான். அங்கேயே அடிப்பதை நிறுத்துங்கள். கொன்றுவிட்டால் கடையும் போச்சு. நிறுத்திப் பேசிவிட்டு, ஒருமுறை கிரேஸில் ஓய்வெடுத்துத் திரும்பி வந்தால் வியாபாரியாக உட்கார்ந்திருப்பான்.

5,000 ரூன் என்பது இந்த நேரத்தில் சில லெவல்களின் விலை. அடிப்படைத் தயாரிப்பு முடிந்து கையில் மிச்சம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

உள்ளே போவது, முதலில் பார்ப்பதற்காக

கையிலிருக்கும் ரூன்களையெல்லாம் செலவழித்துவிட்டு உள்ளே போங்கள். சாகப்போவது உறுதி என்றால் பையில் பணத்தை வைத்துக்கொண்டு போவானேன்?

முதல் சில முறை அடிக்கவே வேண்டாம். ஆவிகளையும் அழைக்காதீர்கள், அவை இருந்தால் அவன் அங்கும் இங்கும் திரும்பி அசைவுகள் குழம்பிவிடும். பார்வையை அவன்மேல் பூட்டும் லாக்-ஆன் போட்டு, நடுத்தரத் தூரத்தில் நின்று, உருண்டுகொண்டே அவன் கைகளை மட்டும் கவனியுங்கள்.

மார்கிட்டின் முக்கிய ஆயுதம் தாமதம். தடியைத் தலைக்கு மேலே தூக்குவான். நீங்கள் உருளுவீர்கள். அவன் இன்னும் தூக்கியபடியே நிற்பான். நீங்கள் உருண்டு எழும் அதே கணத்தில் இறக்குவான். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் அதே கைவீச்சில் மெதுவான பந்தைப் போட, மட்டையை முன்கூட்டியே சுழற்றிவிட்டு ஸ்டம்பைப் பறிகொடுப்பதைப் போன்றது இது. ஆகவே தடி மேலே போவதைப் பார்த்து உருளாதீர்கள், கீழே வரத் தொடங்குவதைப் பார்த்து உருளுங்கள். சொல்வது எளிது. விரல் கேட்காது. முதல் சில முறை உள்ளே போவதே விரலுக்குப் பாடம் சொல்லத்தான்.

பட்டனைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறையும். இந்த கேமில் உருளும் பட்டனும் ஓடும் பட்டனும் ஒன்றே. பிளேஸ்டேஷனில் வட்டம், எக்ஸ்பாக்ஸில் பி. அழுத்திப் பிடித்தால் ஓட்டம், அழுத்தி விட்டால் உருளல். அதாவது பட்டனை அழுத்தும் கணத்தில் இல்லை, விடும் கணத்தில்தான் ஆள் உருளுகிறான். பயத்தில் அழுத்திப் பிடித்தால் ரோல் தாமதமாகும். சட்டென்று தட்டி விடப் பழகுங்கள். அதோடு, பதற்றத்தில் நாலைந்து முறை தட்டினால் அடுத்த ரோல் வரிசையில் காத்திருந்து நீங்கள் கேட்காதபோது வந்து நிற்கும். உருளவும் அடிக்கவும் தேவையான ஸ்டாமினாவும் காலி. பதறாத காரியம் சிதறாது என்பதை இங்கே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் உருளுவது? பின்னால் வேண்டாம். அவன் கை நீளம், தடி அதைவிட நீளம், பின்னால் போனால் நுனியில் மாட்டுவீர்கள். அவனை நோக்கி, அடி விழும் கோணத்துக்குக் குறுக்கே உருண்டால் அவன் பக்கவாட்டில் எழுவீர்கள். உருளும்போது உடலில் அடி படாத ஒரு நொடித்துணுக்கு உண்டு, அதை நம்பித்தான் ஆயுதத்துக்குள்ளேயே பாயச் சொல்கிறேன். ஆனால் முதுகுப்பக்கம் குடியிருக்க நினைக்காதீர்கள். வாலால் சுழற்றி அடிப்பான்.

இடக்கையில் திடீரென்று தங்க ஒளியில் ஒரு கத்தி முளைக்கும். அது தடிக்கு நேர்மாறு: தாமதம் இல்லை, சரக்கென்று வரும். காம்போ (தொடர் அடிகள்) முடிந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் மூன்றாவது அடி அடிக்கப் போகும்போதுதான் பெரும்பாலும் வரும். அதனால்தான் ஓர் இடைவெளிக்கு ஓர் அடி, அதிகம் போனால் இரண்டு என்ற கணக்கு. பேராசைக்கு அவனிடம் உடனடித் தண்டனை.

அதே கத்தியை எறியவும் செய்வான். தூரமாகப் போய் ஃப்ளாஸ்க்கைத் திறந்தீர்கள் என்றால் ஏறக்குறைய நிச்சயம் எறிவான். குடிப்பதற்கு நல்ல நேரம் மூன்று: பெரிய தடியடி தரையில் விழுந்து அவன் நிமிர்ந்துகொண்டிருக்கும்போது, நீண்ட காம்போ முடிந்த கையோடு, அல்லது ஓநாய்கள் அவன் காலைப் பிடித்திருக்கும்போது.

இனி அடிக்கலாம்

தடி எப்போது இறங்கும் என்று விரலுக்குத் தெரிந்த பிறகு, ரோஜியரையும் ஓநாய்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரோஜியரை வெளியிலேயே அழைத்துவிட வேண்டும். உள்ளே நுழைந்ததும் மார்கிட் பேசிவிட்டு நடந்து வருவான், அந்தச் சில விநாடியில் மணியை அடித்து ஓநாய்களை இறக்கிவிடுங்கள்.

பெரிய தடியடி விழுந்து முடிந்த இடைவெளியில் சாதாரண வெட்டைவிட குதித்து அடிக்கும் கனமான வெட்டு மேல். குதித்தபடி ஆர்2, அதாவது கனமான அடிக்கான பட்டன். இது அவன் நிலையைக் குலைக்கும். இப்படித் தொடர்ந்து சேர்ந்தால் ஒரு கட்டத்தில் அவன் தள்ளாடி மண்டியிடுவான். அப்போது நேரே முன்னால் போய் சாதாரண அடிக்கான ஆர்1 அழுத்தினால் பெரிய குத்து ஒன்று விழும். அதை முடித்துவிட்டு நின்று ரசிக்காதீர்கள், உடனே விலகுங்கள்.

அவன் வேறு யாரையாவது துரத்தும்போது முதுகில் தாராளமாக அடிக்கலாம். அவன் தலை உங்கள் பக்கம் திரும்பியதும் நிறுத்திவிடுங்கள்.

பாதி உயிருக்குப் பிறகு

உயிர்ப்பட்டை ஏறக்குறைய பாதியை நெருங்கும்போது தங்க ஒளியில் ஒரு பெரிய சுத்தியலை வரவழைப்பான். இனி பேட்சஸிடம் வாங்கிய கைவிலங்கு வேலை செய்யாது. காம்போக்கள் நீளும், சுத்தியலோடு உயரே தாவி உங்கள் தலையில் இறங்குவான். பார்க்கப் பயமாக இருக்கும், உண்மையில் இந்தத் தாவல் உங்களுக்கு நல்லதுதான். எங்கே இறங்கப் போகிறான் என்பது தெரியும், இறங்கும் கணத்தில் அவனை நோக்கி உருண்டால் நல்ல இடைவெளி கிடைக்கும். மற்றபடி முதல் பகுதியின் விதிகளேதான். புதிதாக நிறையக் கற்க வேண்டியதில்லை, கைவசம் இரண்டு ஃப்ளாஸ்க்காவது மிச்சத்தோடு இங்கே வந்து சேர்வதுதான் முக்கியம். வரவில்லை என்றால் முதல் பகுதியில் எங்கே உயிர் ஒழுகுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கத்தியாகத்தான் இருக்கும்.

கடைசிக் கால்வாசியில் கை நடுங்கும். அப்போதும் அதே ஓர் அடி, இரண்டு அடிதான்.

உருள வராதவர்களுக்கு

சிலருக்கு ரோல் நேரம் கைவராது. அவர்கள் கேடயத்தை எடுங்கள். சாதாரண அடியை 100 சதவீதம் தடுக்கும் கேடயமாக இருக்கவேண்டும், ஹீட்டர் ஷீல்டு அப்படிப்பட்டது. தடியடியைக் கேடயத்தில் வாங்கிய உடனே ஆர்2 அழுத்தினால் கார்டு கவுன்டர் என்ற எதிரடி விழும். நிலையைக் குலைப்பதில் இதுவும் கெட்டி. ஒளிக்கத்தியும் சுத்தியலும் மட்டும் கேடயத்தைத் தாண்டிக் கொஞ்சம் உயிரைக் கரைக்கும், அவற்றுக்கு விலகிக்கொள்ளுங்கள். இடைவெளியில் கேடயத்தை இறக்கி வைக்க மறக்கவேண்டாம், தூக்கிப் பிடித்தபடியே இருந்தால் ஸ்டாமினா மெதுவாகத்தான் ஏறும்.

அஸ்ட்ராலஜர் வகுப்பினருக்குக் கதை வேறு. ரோஜியரும் ஆவியும் முன்னால் நிற்க, கிளின்ட்ஸ்டோன் பெபிளைத் தூரத்திலிருந்து எறிந்துகொண்டே இருக்கலாம். மார்கிட் தாவி வந்துவிட்டால் எறிவதை விட்டுவிட்டு உருளுங்கள். ஒரு பெபிளை முடித்துவிடலாம் என்ற ஆசையில்தான் மந்திரவாதிகள் சாகிறார்கள்.

இதெல்லாம் செய்தும் நடக்கவில்லையா? சரி, விடுங்கள். கோட்டையைச் சுற்றிக்கொண்டு மலைவிளிம்போடு ஒரு பக்கப் பாதை லியூர்னியா பகுதிக்குப் போகிறது. மார்கிட்டைத் தொடாமலேயே அடுத்த நிலத்துக்குப் போய், வேண்டிய அளவு வளர்ந்து, பிறகு வந்து கணக்குத் தீர்க்கலாம்.

விழுந்த பிறகு

மார்கிட் விழுந்தால் 12,000 ரூனும் தாலிஸ்மன் பவுச்சும் கிடைக்கும். பவுச்சால் இன்னொரு தாலிஸ்மன் (பலன் தரும் தாயத்து) கூடுதலாக அணியலாம். ரூன்களோடு அப்படியே முன்னால் போகாமல், அங்கேயே தோன்றும் கிரேஸில் உட்கார்ந்து செலவழியுங்கள்.

அடுத்து கோட்டையின் பெரிய வாசல். பக்கத்து அறையில் காஸ்டாக் என்ற காவல்காரன் இருப்பான். வாசலைத் திறக்கவா, பக்கத்துச் சந்து வழியாகப் போகிறாயா என்று கேட்பான். வாசலுக்கு அந்தப்பக்கம் அம்பு எந்திரங்கள் வரிசையாகக் குறிவைத்துக் காத்திருக்கின்றன, அதனால் சந்து வழியையே தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் காஸ்டாக்கை நம்பலாம். கோட்டைக்குள் நீங்கள் சாகும்போதெல்லாம் சிந்தும் ரூனில் ஒரு பங்கை அவன் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வான்.